போய்க் குளியுங்கோ

"அண்ணி, மூணு விரலால தொட்டு வைக்கணும். உள்ளங்கையால தேய்க்கக் கூடாது," என்றாள் ரூபினி.

ஃபெலிசியா கையை எடுத்து, விரலைக் குவித்து, மறுபடி வைத்தாள். எண்ணெயும் அரப்பும் மாமியின் நெற்றியில் இறங்கிக் காதோரம் தேங்கின. கண் தெரியாமல் போன நாளிலிருந்து இந்தத் தலைக்கு எண்ணெய் வைத்தவள் அவள்தான். உள்ளங்கையால்தான் தேய்த்தாள். அப்போதெல்லாம் விரல் கணக்குப் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து யாரும் வரவில்லை. இன்றைக்கு மகள் வந்திருக்கிறாள், கணக்கும் கூடவே வந்திருக்கிறது. பெற்ற மகள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாமி சரோஜினி முந்தின நாள் விடியற்காலையில் போனாள். ஃபெலிசியா அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு இருமல், அவ்வளவுதான். மலேசியாவின் லாயாங் லாயாங்கில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கும் வரிசை வீடு அது. மாமனார் கனகசுந்தரம் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து வாங்கியது. இப்போது வாசலில் கூடாரம், கூடாரம் நிறைய பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலி நிறையச் சிலோன்காரர்கள். குளுவாங்கிலிருந்தும் சிம்பாங் ரெங்கத்திலிருந்தும் ஜேபியிலிருந்தும் வந்து, யார் பிள்ளை எங்கே டாக்டராக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை இரண்டு மணிக்கு எடுக்க வேண்டும்.

லக்ஷ்மன் வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தான். அவனுக்கு வேட்டி நிற்காது. கல்யாணத்தன்றைக்கே நிற்கவில்லை.

"ஃபெலி, சின்னம்மாவுக்குச் சொல்லணுமே. யாழ்ப்பாணத்துக்குப் போன் போட்டுரவா?"

"போனா? அண்ணா, நீ மறந்துட்டியா?" ரூபினி நிமிர்ந்தாள். "கடிதம்தான். அதுவும் அண்ணிதான் எழுதணும். அம்மா எத்தனை தடவ சொன்னாங்க."

"தெரியும் லா. கடிதம் போய்ச் சேர ரெண்டு வாரம் ஆகுமே."

"ஆகட்டும். அதுதான் அம்மா கேட்டது."

இருவரும் ஃபெலிசியாவைப் பார்த்தார்கள். "எழுதுறேன்," என்றாள் அவள். அந்தக் கடிதத்தை எழுதினால் எல்லாம் முடிந்துவிடும். எழுதாமல் விட்டால் செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் அவள் எண்ணெய்க் கையோடு நின்றாள்.

அந்த வாக்குக்கு ஒரு கதை உண்டு. சரோஜினியும் தங்கை சந்திரமதியும் உரும்பிராயில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அக்காள் கல்யாணமாகி மலாயாவுக்கு வந்தாள், தங்கை ஊரிலேயே இருந்தாள். சண்டை தொடங்கிய பிறகு அக்காளால் போக முடியவில்லை, தங்கையால் வர முடியவில்லை. கடிதம் மட்டும் போய் வந்தது. நேராக வராவிட்டால் கொழும்பு சுற்றி வந்தது, யாரோ ஒருவர் கைப்பையில் வந்தது, பிரித்து ஒட்டிய உறையில் வந்தது. எண்பத்தேழில் ஒரு நாள் கொழும்பிலிருந்து தெரிந்தவர் ஒருவர் போன் செய்து, உரும்பிராயில் போன மாதம் ஷெல் விழுந்து சந்திரமதி செத்துப்போனாள் என்றார். சரோஜினி தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள். செய்தி கேட்ட எட்டாம் நாள் செலவுச் சடங்குக்குச் சமைத்துப் படைத்து இலையும் போட்டாயிற்று. தபால்காரர் மணியடித்தார். தங்கையின் கையெழுத்து. தேதி, ஷெல் விழுந்ததாகச் சொன்ன நாளுக்கு அப்புறம். "அக்கா, நாங்கள் எல்லாரும் சுகம். கிணற்றடி மாமரம்தான் முறிந்துபோனது."

சரோஜினி சிரித்தாளா அழுதாளா என்று யாருக்கும் தெரியவில்லை. தங்கைக்குப் படைத்த சோற்றைத் தானே உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று லக்ஷ்மன் சொல்லுவான். சாப்பிட்டுவிட்டு எழுதினாள்: இனிமேல் யார் செத்தாலும் போனில் சொல்வதை நான் நம்பமாட்டேன், நீயும் நம்பாதே, கடிதம் வந்தால்தான் சாவு.

அவர்கள் ஊர் வழக்கப்படி சாவுக் கடிதத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. நல்ல கடிதமென்றால் தாளின் தலையில் பிள்ளையார் சுழி இருக்கும். சாவுக் கடிதத்தில் சுழி இருக்காது. சரோஜினி உறையைப் பிரித்து, சுழி இல்லாத தாளைக் கண்டுவிட்டால், மேலே வாசிக்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். யார் என்று சொல்ல வாய் வராது. பிள்ளைகளைப் பார்த்து ஒன்றுதான் சொல்லுவாள்: "போய்க் குளியுங்கோ." சாவு கேட்டால் தலைக்கு ஊற்ற வேண்டும் அல்லவா. லக்ஷ்மனும் ரூபினியும் ஓடிப்போய்க் குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்று, "யாரும்மா?" என்று கேட்பார்கள். சண்டை நடந்த வருஷங்களில் அந்தப் பிள்ளைகள் நிறையக் குளித்தன.

ஃபெலிசியா இதற்குள் எப்படி வந்தாள் என்றால், தமிழால் வந்தாள். அவள் செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த கத்தோலிக்கப் பெண். லக்ஷ்மன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது சரோஜினி கதவைத்தான் பார்த்தாள், அவளைப் பார்க்கவில்லை. தோட்டத்துப் பிள்ளை, அதுவும் வேதக்காரப் பிள்ளை. ஆறு மாதம் "சாப்பாடு இருக்கு" என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் சர்க்கரை வியாதி மாமியின் கண்ணைக் கொண்டுபோனது. மாமனார் ஏற்கெனவே போய்விட்டார். பிள்ளைகள் இரண்டும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனவை, தமிழில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த மருமகள் ஒருத்திதான்.

முதல் கடிதத்துக்குத் தாளை எடுத்ததும், பழக்கத்தில் தலையில் ஒரு சின்னச் சிலுவை போட்டுவிட்டாள். பிறகு பயந்துபோய்ச் சொல்லிவிட்டாள். "சரி, அது உன்ர சாமி. வேற தாள் எடு," என்றாள் மாமி. அவளுடைய விரலைப் பிடித்துத் தாளில் வைத்து, சுழியை இப்படி வளைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். அன்றுதான் மாமி அவளை முதன்முதலாகத் தொட்டாள்.

அதன் பிறகு அவளேதான் மாமியின் கண், அவளேதான் கை. சந்திரமதி இடம்பெயர்ந்து போயிருந்த வன்னியில் கடைசிச் சண்டை நடந்து ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கடிதம் வராதபோது, தபாலாபீஸ் கௌண்டரில் தினமும் போய் நின்று, "அடா சூராட் டாரி ஸ்ரீலங்கா?" என்று, ஸ்ரீலங்காவிலிருந்து கடிதம் உண்டா என்று, மலாயில் கேட்டவள் அவள்தான். பிறகு முகாமிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவள் சந்திரமதியின் மருமகள் மீனலோசனி. ஷெல் சத்தத்தில் என் மாமிக்கு இரண்டு காதும் போய்விட்டது, வலக்கை விரல்கள் மடங்காது, இனி நான்தான் எழுதுவேன். என்னுடைய அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இரண்டு அக்காள் தங்கை, ஒருத்திக்குக் கண் இல்லை, ஒருத்திக்குக் காது இல்லை. கடிதம் தவிர வேறு வழியே இல்லை. லக்ஷ்மன் வருஷா வருஷம், "அடுத்த வருஷம் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போயிரலாம்," என்பான். அவன் நல்லவன்தான். அடுத்த வருஷம்தான் வரவே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் மாமிக்கு நினைவு தடுமாறியது. ஒரு நாள் கடிதம் வாசித்துக்கொண்டிருந்தபோது, "ஆர் சந்திரமதி?" என்று கேட்டாள். ஃபெலிசியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாளைக்குத் தெளியும் என்று பார்த்தாள், தெளியவில்லை. காது கேட்காத ஒரு கிழவி அங்கே கடிதத்துக்காகக் காத்துக் கிடப்பாளே என்று, சொல்ல ஆளில்லாமல் தானே எழுதிப் போட்டாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. மாமியைத் தனியாக விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாத நாட்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயே மாதக்கணக்காயிற்று. மகள் வலேரி பினாங்கில் வேலை, வாரம் ஒரு போன். எழுத என்ன இருக்கிறது? முழங்கால் வலியை எழுதினாள். தன் முழங்கால் வலியை, மாமியின் பெயரில். "என் மருமகள் பாவம், ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை," என்று வெட்கமில்லாமல் தன்னைத் தானே பாராட்டி எழுதினாள். இந்த வீட்டில் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

பதில் வந்தது. "அக்கா, ஃபெலிசியாவை மத்தியானத்தில் கொஞ்சம் சரிய விடு. அவளும் மனுசிதானே. அவளுக்கு முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசச் சொல்லு." சமையலறையில் நின்றபடியே அதை வாசித்து அவள் ஓவென்று அழுதாள். பார்த்தே இராத ஒரு கிழவிக்குத் தெரிந்தது, பக்கத்து அறையில் படுக்கிறவனுக்குத் தெரியவில்லையே என்று அழுதாள்.

ஒரு மணிக்குச் சவத்துக்குப் பூசும் சுண்ணத்தை உரலில் போட்டு இடித்தார்கள். உரலருகே நின்று சுண்ணப் பாட்டைப் பாடியவர் தங்கராஜு. ரயில்வேயில் மாமனாரோடு வேலை பார்த்தவர். எண்பதைத் தாண்டியும் குரல் கணீரென்று இருந்தது. பாட்டு முடிந்ததும் ரூபினி எழுந்தாள்.

"அண்ணி, சின்னம்மாவோட கடைசிக் கடிதத்தைக் கொண்டாங்க. அம்மா தலைமாட்டில வாசிச்சிட்டுப் பெட்டியிலேயே வச்சிரலாம்."

"இப்பவா?"

"இப்ப இல்லாட்டி எப்ப?" ரூபினியின் குரல் உடைந்தது. "வேற என்னதான் அம்மாவுக்குக் குடுக்கிறது? அது ஒண்ணுதான் அவங்க கேட்டுக்கிட்டே இருந்தது."

மறுக்க முடியுமா? சாமி மாடத்துக்குக் கீழே இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, மேலே கிடந்த கடிதத்தை எடுத்து வந்தாள். கூட்டம் வழிவிட்டது. பிரித்துப் பிடித்தாள். "அன்புள்ள அக்காவுக்கு" என்ற முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. இரண்டு தரம் முயன்றாள். சத்தம் வரவில்லை.

"அங்கிள், நீங்க வாசிங்க," என்று ரூபினி கடிதத்தை வாங்கித் தங்கராஜுவிடம் கொடுத்தாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். தாளைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். தாளின் தலையை விரலால் ஒருமுறை தடவினார், அழுக்கு ஏதாவது மறைத்திருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுத்து வலு பொடி," என்றார் எல்லோருக்கும் கேட்க. "எனக்குக் கண் பிடிக்குதில்லை. பிள்ளை மனசுக்குள்ள வாசிச்சு வைக்கட்டும், அக்காவுக்குக் கேக்கும்."

கடிதத்தை ஃபெலிசியாவின் கையில் கொடுக்கிற சாக்கில் குனிந்தார். "இதை வாசிச்சது ஆர் பிள்ளை?"

"நான்தான் அங்கிள்."

"வாசிச்சுப்போட்டுக் குளிச்சனியோ?"

அவளுக்கு விளங்கவில்லை. அவர் தாளின் உச்சியில் வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

ஃபெலிசியா கடிதத்தைப் பெட்டியில் வைக்காமல், டின்னோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அந்த வீட்டில் அன்றைக்கு ஆள் இல்லாத இடம் அது ஒன்றுதான். குழாயைத் திறந்துவிட்டு, கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுழி இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கும் முந்தியதில் இல்லை. போன வருஷம் ஆவணி மாதக் கடிதம்வரை ஒன்றிலும் இல்லை. அதற்கு முந்தியதில், தாளின் தலையில், நன்றாக வளைத்துப் போட்ட சுழி இருந்தது.

எப்படிப் பார்க்காமல் விட்டாள்? எழுதும்போது ஒரு நாளும் மறந்ததில்லையே. எழுதுவது மாமி பழக்கிக் கொடுத்தது, விரலே போட்டுவிடும். வாசிப்பது அப்படியில்லை, கண் நேராக முதல் வரிக்குப் போய்விடுகிறது. தன் வாசலில் கோலம் இல்லாவிட்டால்தான் கண்ணில் உறுத்தும், அடுத்த வீட்டு வாசலில் இல்லாதது யாருக்குத் தெரிகிறது. மாமிக்குக் கண் இருந்திருந்தால் தாளைத் தொட்ட நொடியே தெரிந்திருக்கும். வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள்.

அவசரத்துக்கென்று டின்னின் மூடியில் ஒட்டி வைத்திருந்த எண்ணைக் கைப்பேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"மீனா, நான் மலேசியாவிலேருந்து ஃபெலிசியா."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சின்னம்மா எங்க?" என்றாள் ஃபெலிசியா.

"அக்கா..." என்றாள் மீனா. "உங்களுக்குத் தெரியாதோ? மாமி போன வருசம் ஆவணியில மோசம் போட்டா. பக்கத்து வீட்டுப் பொடியன்தான் கொள்ளி வச்சவன். நான் போன் எடுத்தனான் அக்கா, போனில சொல்லக் கூடாது எண்டு தெரிஞ்சும் எடுத்தனான். அடிச்சுக்கொண்டே கிடந்துது, ஒருத்தரும் தூக்கேல்ல."

போன வருஷம் ஆவணியில் மாமி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. அந்த ஆவணிக் கடிதத்தை ஃபெலிசியா ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்று, அரக்கப் பரக்க வாசித்தது ஞாபகம் வந்தது.

"கடிதத்துல நீ எழுதலையே மீனா."

"எழுத ஏலாமல் போச்சு. எத்தினை தாள் கிழிச்சன் தெரியுமோ. கடைசியா, எப்பவும் போல எழுதிப்போட்டுச் சுழியை மட்டும் விட்டன். பெரியம்மா பிரிச்ச உடனே விளங்கிக்கொள்ளுவா எண்டு நினைச்சன். பிறகு உங்கட மறுமொழி வந்துது. தங்கச்சி, உன்ர இருமல் எப்பிடி எண்டு கேட்டு. நான் யோசிச்சன், பெரியம்மாவுக்கு விளங்கிப்போட்டுது, ஆனா கடிதம் நிக்கிறதை அவவால தாங்க ஏலாது போல எண்டு. அதான் தொடர்ந்து எழுதினனான். செத்தவவின்ர பேரில எழுதுற கடிதத்துக்குச் சுழி போட மனம் வரேல்ல." மூக்கை உறிஞ்சினாள். "பெரியம்மா எப்பிடி இருக்கிறா?"

யாரோ கதவைத் தட்டினார்கள். "உள்ள யாரு? கொஞ்சம் அவசரம் லா."

"வர்றேன்," என்று கத்திவிட்டு ஃபெலிசியா குழாயை இன்னும் திருகினாள். "மீனா, மாமிக்கு ரெண்டு வருஷமா நினைவே இல்ல. சின்னம்மா யாருன்னே தெரியல. எழுதினது நான்."

"நீங்களோ?"

"நான்தான்."

"அப்ப அந்த முழங்கால் வலி?"

"என்னோடது."

வாளி நிரம்பித் தரையில் வழிந்தது. நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசச் சொன்னவள் மீனா. மத்தியானத்தில் சரியச் சொன்னவள் இவள். புருஷன் வருவான் வருவான் என்று பதினைந்து வருஷமாக ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற இவளுக்குத்தான், "மீனாவைக் கோவிலுக்காவது போய்வரச் சொல்லு, வீட்டுக்குள்ளேயே கிடந்து மாய்கிறாள்," என்று ஃபெலிசியா மாமியின் பெயரில் எழுதினாள். அதை யார் யாருக்குச் சொன்னது?

"மீனா, மாமி நேத்து விடிகாலையில போயிட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல எடுக்கப்போறோம்."

மீனலோசனி அழுதாள். அழுது ஓய்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, அப்ப இனி நீங்கள் எழுத மாட்டியளோ?"

கதவு மறுபடி தட்டப்பட்டது. "அண்ணி, பெட்டி மூடப்போறாங்க. வாங்க!" ரூபினியின் குரல்.

"இதெல்லாம் போன்ல பேசக் கூடாது," என்றாள் ஃபெலிசியா. "கடிதம் போடுறேன்."

வெளியே வந்தபோது எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். வாய்க்கரிசித் தட்டு ஒவ்வொரு கையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தங்கராஜு தூணோரம் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது சொல்லலாமா? சொன்னால் இந்தச் சாவு நின்று, அந்தச் சாவு தொடங்கும். லக்ஷ்மன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கொள்ளிச்சட்டியோடு, பெரிய ஆம்பிளை அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். ரூபினி நிற்கவே முடியாமல் நிற்கிறாள். சொல்லாவிட்டால் மாமி தங்கை செத்தது தெரியாமலே சுடலைக்குப் போவாள். அது மட்டும் அவளால் முடியாது.

தன் முறை வந்தது. அரிசியை வாயோரம் போட்டாள். போட்டுவிட்டு நிமிரவில்லை. கன்னத்தோடு கன்னம் வைத்து, எண்ணெய் மணக்கும் அந்தக் காதில் சொன்னாள்.

"மாமி, சின்னம்மா போன வருஷமே போய்ட்டாங்க. மீனா சொல்லித்தான் அனுப்பியிருக்கா. நான்தான் பாக்கல. உங்களுக்குக் கண்ணா இருந்தேன், இந்த ஒண்ணைப் பாக்காம விட்டுட்டேன் மாமி. அவங்களுக்காக நீங்க அழல. நான் அழுவுறேன். நீங்க போங்க, அங்க அவங்க இருப்பாங்க."

"அண்ணி, போதும், எழுந்திருங்க," என்று ரூபினி தோளைப் பிடித்துத் தூக்கினாள். அந்தப் பிடியில் கோபம் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரி இன்னொருத்தியிடம், "வேதக்காரப் பொண்ணா இருந்தாலும் எப்படி உருகுறா பாரு," என்றாள். பெட்டியை மூடினார்கள். வேன் போனது. கூடாரத்தின் மேல் மழை விழத் தொடங்கியது.

அந்தக் குடும்பத்துப் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டைக் கழுவினார்கள், நாற்காலிகளை அடுக்கினார்கள், ஒவ்வொருத்தியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஃபெலிசியாவும் ஊற்றிக்கொண்டாள். புடவை மாற்றி, அடுப்படிக்குப் போய், ஆவணி மாதக் கடிதத்தை எடுத்தாள். சாவுக் கடிதத்தை வீட்டில் வைக்கக் கூடாது. இது ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சாமி மாடத்தின் கீழேயே இருந்திருக்கிறது. சின்னச் சின்னதாகக் கிழித்து, வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். மற்றவற்றைக் கிழிக்க மனம் வரவில்லை. அவை சாவுக் கடிதங்கள் அல்ல, மீனாவின் கடிதங்கள். டின்னில் வைத்து மூடினாள். பிறகு திரும்பக் குளியலறைக்குப் போய், மாற்றிய புடவையோடு இன்னொரு முறை தலைக்கு ஊற்றினாள்.

நான்கு மணிக்கு லக்ஷ்மன் வந்தான். குளுவாங் சுடலையிலேயே குளித்து, உலர்ந்த சட்டை மாற்றி, நெற்றியில் புதிதாகத் திருநீறு பூசியிருந்தான். கார் நிறுத்துகிற இடத்தில் குழாயடியில் நின்ற ஃபெலிசியாவிடம் வந்தான். அவள் தலையிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"சின்னம்மாவுக்கு எழுத ஆரம்பிச்சிட்டியா?"

அவள் வாளியைக் குழாய்க்குக் கீழே தள்ளினாள்.

"வேன்ல வரும்போது யோசிச்சேன் ஃபெலி. முப்பத்தொண்ணாம் நாள் காரியம் முடியட்டும். நீ, நான், ரூபி, மூணு பேரும் யாழ்ப்பாணம் போய்ட்டு வந்துரலாம். சின்னம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், அம்மா சாம்பலக் கீரிமலையில கரைப்போம். இந்தத் தடவ நிஜமா. அம்மாவத்தான் கூட்டிட்டுப் போகல, சின்னம்மாவையாவது ஒரு தடவ பாத்துரணும்." அவன் சிரிக்க முயன்றான். "என்னப் பாத்தா அழுவாங்கல்ல?"

தண்ணீர் வாளியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் வாயில் நிற்கவில்லை. கடைசியில் வந்தது மாமியின் வார்த்தை. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அந்த யாழ்ப்பாணத்துப் பேச்சைப் பேசியதில்லை.

"போய்க் குளியுங்கோ," என்றாள்.

"இப்பதானே குளிச்சிட்டு..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். அவளுடைய ஈரத் தலையைப் பார்த்தான். மாற்றுப் புடவையும் நனைந்திருப்பதைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான்.

ரூபினி தலையைத் துவட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "என்ன அண்ணா? ஏன் இப்படி நிக்கிற?"

"குளிக்கணும் ரூபி."

துவட்டிய கை நின்றது. அவள் அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"யாரு?" என்றாள்.

லக்ஷ்மன் உலர்ந்த சட்டையோடு குழாயடியில் குந்தி உட்கார்ந்து, வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்தான். திருநீறு கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. ஃபெலிசியா காலி வாளியை அவன் கையிலிருந்து வாங்கி, ரூபினிக்காக மறுபடி குழாய்க்குக் கீழே வைத்தாள்.